நோட்டு மேஜையில் இருக்கிறது, ரெசிபி போய்விட்டது: சாயப்பட்டறைத் தகவலுக்கு எந்தக் காவல் சரி?

திருப்பூரில் ஒரு டையிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போனால், எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்று எழுதிய ரெசிபி நோட்டு இருக்கிறதா என்றுதான் முதலாளி முதலில் பார்ப்பார். நோட்டு இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய காலம் மலையேறிவிட்டது. செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப் பத்து நிமிடம் போதும். அடுத்த மாதமே அதே மெரூன் இன்னொரு பட்டறையில் ஓடும், அதுவும் உங்கள் பார்ட்டிக்கே (ஆர்டர் தரும் வாடிக்கையாளருக்கே), கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து. 'திருடிட்டுப் போயிட்டான்' என்று வாய் சொல்லும். ஆனால் நோட்டு இருக்கிறது, அதிலுள்ள எழுத்து இருக்கிறது, உங்கள் மெஷினும் அதே மெரூனை இன்றும் ஓட்டுகிறது. காணாமல் போன பொருள் என்ன என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் பலர் தப்பான காவலுக்குக் காசு செலவழிக்கிறார்கள். கையில் நான்கு வழிகள் உண்டு: பேட்டன்ட், பதிப்புரிமை, ரகசியமாக வைத்து ஒப்பந்தம் போடுவது, குற்ற வழக்கு. (தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல் முதல் இரண்டுக்கும் ஓடுகிறது, பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. அதனால் இங்கே பேட்டன்ட் என்றே இருக்கட்டும்.) எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன் நோட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரு பக்கம், கிட்டப் பார்த்தால்

100 கிலோ காட்டன் சிங்கிள் ஜெர்சிக்கு ஒரு மெரூன் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு 1.5 சதவீதம், மஞ்சள் 0.8, நீலம் 0.2. அதாவது சாயம் 1.5 கிலோ, 800 கிராம், 200 கிராம். லிக்கர் ரேஷியோ (துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்) 1:8, எனவே தண்ணீர் 800 லிட்டர். உப்பு லிட்டருக்கு 60 கிராம், ஆக 48 கிலோ. சாயத்தைத் துணியோடு பிணைக்கும் காரமான சோடா லிட்டருக்கு 20 கிராம், ஆக 16 கிலோ. 60 டிகிரி. நோட்டில் பெரும்பாலும் கடைசியாக வரும் கிலோ கணக்கைத்தான் எழுதியிருப்பார்கள்.

இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போனவர், 1:6-ல் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் அதே 48 கிலோ உப்பையும் 16 கிலோ சோடாவையும் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் 600 லிட்டர்தான். உப்பு லிட்டருக்கு 80 கிராமாகவும் சோடா கிட்டத்தட்ட 27 கிராமாகவும் ஏறிவிடும். சாயம் துணியில் ஒரேயடியாகப் பாய்ந்து ஏறும், துணி திட்டுத் திட்டாக வரும். கணக்கைத் திருத்தி 36 கிலோ உப்பு, 12 கிலோ சோடா போட்டாலும் வேலை முடியாது. தண்ணீர் குறைந்தால் துணி சாயத்தைக் கூடுதலாக வாங்கும், ஷேட் (நிறச் சாயல்) ஒரு படி அழுத்தமாக விழும்.

தண்ணீர்க் கதை தனி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் முறைக்குத்தான் தொழில் மாற வேண்டியிருந்தது. மீட்டெடுத்த உப்புக் கரைசலில் காரத்தன்மை மிச்சமிருந்தால், சோடா போடுவதற்கு முன்பே சாயம் துணியோடு பிணையத் தொடங்கிவிடும். கரைசலின் பி.ஹெச். பார்த்து, ஆசிட் விட்டுச் சரிசெய்த பிறகே சாயம் இறக்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சோடாவை எந்த வேகத்தில் விடுவது, எந்தச் சாய லாட் எவ்வளவு பலம் என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்காது. மாஸ்டரின் தலையில் இருக்கும்.

ஆக, நோட்டில் இரண்டு வகைத் தகவல். முதல் வகை, வெளியே போகும் துணியிலேயே தெரிவது. துணித் துண்டை நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்தால் எதிராளியின் லேபே சில லேப் டிப்பில் (சிறு துண்டில் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனையில்) அந்த மெரூனைப் பிடித்துவிடும். சந்தையில் விற்ற பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது தவறில்லை. இரண்டாம் வகை, துணியில் தெரியாதது: முதல் தடவையிலேயே ஷேட் சரியாக விழ என்ன செய்கிறோம், எந்தப் பார்ட்டி என்ன விலைக்கு எத்தனை கிலோ தருகிறார். முதல் வகையைக் காக்கப் பணம் போடுவது வீண். ரெசிபி என்றாலே பொக்கிஷம் என்று எண்ணுபவர்களுக்கு இது கசக்கும், ஆனால் லேபில் உட்காருபவர்களுக்குத் தெரிந்ததுதான்.

தகவல் திருட்டுப்போகுமா?

இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளின் அச்சுப் படிவத்தைப் பெற்றார். தாளை வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை, வினாக்கள் மட்டும் போதும். தாளிலிருந்த ரகசியம் திருட்டுச் சட்டத்தில் 'சொத்து' அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. ஆக்ஸ்ஃபோர்டு எதிர் மாஸ் என்ற அந்த வழக்கு 1979-ல் சட்ட அறிக்கைகளில் ஏறியது. கனடாவில் ஒரு ஹோட்டலின் ஏறத்தாழ 600 ஊழியர்களின் பெயர், முகவரிப் பட்டியலைப் பணம் கொடுத்து நகலெடுக்கச் சொன்ன வழக்கிலும், 1988-ல் உச்ச நீதிமன்றம் அது திருட்டல்ல என்றது. நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் 2015-ல் வேறு பக்கம் திரும்பியது: ஒரு மதுக்கூடத்தின் சிசிடிவி பதிவை ஒருவர் யுஎஸ்பியில் நகலெடுத்த வழக்கில், டிஜிட்டல் ஃபைல் சொத்துதான் என்றது. கவனியுங்கள், ஃபைல். அதற்குள் இருக்கும் செய்தியைப் பற்றி அது அவ்வளவு தாராளமாகப் பேசவில்லை.

இந்தியாவில் நிலைமை இன்னும் சுவாரசியம். ராஜஸ்தானில் தலைமைப் பொறியாளர் அலுவலக ஊழியர் ஒருவர் அரசு ஃபைலை வீட்டுக்கு எடுத்துப்போய் நண்பரிடம் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். ஒரு நாள் எடுத்தாலும் திருட்டே என்று 1962-ல் பியாரேலால் பார்கவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ல் பிர்லா கார்ப்பரேஷன் எதிர் அட்வென்ட்ஸ் வழக்கில் இன்னொரு படி: ஆவணத்தைத் தற்காலிகமாக எடுத்து அதிலுள்ள தகவலைப் பிரதி எடுத்தாலும் திருட்டாகலாம் என்றது. ஆனால் அதே தீர்ப்பில், ஆவணங்களை வழக்கில் தன் தரப்பு வாதத்துக்காகப் பயன்படுத்தியதில் நேர்மையற்ற நோக்கம் இல்லை என்று குற்ற நடவடிக்கையை ரத்தும் செய்தது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 'அசையும் சொத்து' என்றால் தொட்டறியக்கூடிய பொருள் என்று விளக்கம் இருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா அந்த 'தொட்டறியக்கூடிய' என்ற அடைமொழியை எடுத்துவிட்டு, எல்லா விதச் சொத்தும் என்று விரித்துவிட்டது. கதவு திறந்திருக்கிறது. ஆனால் திருட்டு என்றால் ஒருவர் வசமிருந்து பொருளை நகர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. நகலெடுத்தால் எது நகர்ந்தது? இந்தக் கேள்வி உங்கள் வழக்கில்தான் தீர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். மின்சாரத்துக்கும் முன்பு இதே சிக்கல்தான். அது அசையும் சொத்தல்ல, மின்சாரச் சட்டத்தின் தனிப் பிரிவால்தான் அதை எடுப்பது திருட்டாகிறது என்று 1964-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணினித் தகவலுக்கும் அப்படியே தனிப் பிரிவு போட்டார்கள். அதைப் பின்னால் பார்ப்போம்.

பேட்டன்ட்: எல்லாம் சொன்னால்தான் காவல்

பேட்டன்ட் ஒன்றுதான் தகவலைச் சொத்துக்கு மிக அருகில் கொண்டுபோகிறது. 20 வருடம், யாராவது தானாகவே கண்டுபிடித்தாலும் தடுக்கலாம். விலை, எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது. விண்ணப்பித்து 18 மாதத்தில் அது பிரசுரமாகிவிடும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். சிறு நிறுவனத்துக்கு அரசுக் கட்டணம் பயமுறுத்துவதில்லை: ஆன்லைனில் விண்ணப்பம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கை 4,000, மூன்றாம் வருடத்திலிருந்து இருபதாம் வருடம் வரை புதுப்பிக்க மொத்தம் 76,800. ஏஜென்ட் கட்டணம் இதில் சேராது, அதுதான் பெரிது.

சாயப்பட்டறைக்கு இது ஏன் பொருந்துவதில்லை? பேட்டன்ட் சட்டப் பிரிவு 3(டி), தெரிந்த செயல்முறையைச் சும்மா பயன்படுத்துவதை ஏற்காது. புதிய பொருள் வர வேண்டும், அல்லது வினையில் ஒரு புதிய ரசாயனமாவது இருக்க வேண்டும். உப்பும் சோடாவும் அரை நூற்றாண்டுக்கு மேல் பழையவை. சோடா விடும் வேகத்தை மாற்றினேன் என்றால் பரிசோதகர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். அதைத் தாண்டிக் கிடைத்தாலும், மூடிய மெஷினுக்குள் எதிராளி என்ன வேகத்தில் சோடா விடுகிறார் என்று எப்படி நிரூபிப்பது? செயல்முறை பேட்டன்ட் வழக்கில் சில சூழல்களில் நிரூபிக்கும் சுமையை எதிராளி மேல் மாற்றப் பிரிவு 104ஏ இடம் தருகிறது, ஆனால் அதற்கும் முதலில் எதிராளியின் பொருள் அதே பொருள்தான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

இன்னொரு பொறி. ஊழியரின் கண்டுபிடிப்பு முதலாளிக்கே சொந்தம் என்று இந்தியப் பேட்டன்ட் சட்டத்தில் எங்கும் இல்லை. மாஸ்டர் கண்டுபிடித்தது மாஸ்டருடையது, அவர் எழுத்தில் மாற்றித் தரும் வரை. வேலைக்குச் சேரும் நாளிலேயே அந்தக் கையெழுத்தை வாங்காதவர்கள், அவர் விலகும் நாளில் வாங்கவே முடியாது. புதிய மெஷின் பாகம், நாஸில் அமைப்பு, வெளியே விற்கப்போகும் கருவி என்று பார்த்தாலே தெரிகிற எதையாவது உருவாக்கியிருந்தால் மட்டும் பேட்டன்டுக்குப் போங்கள். பொருளைப் பார்த்தவுடன் ரகசியம் போய்விடும் என்கிற இடத்தில்தான் அதற்கு மதிப்பு.

பதிப்புரிமை

இது மலிவு, பதிவுகூடக் கட்டாயமில்லை, பதிய 500 ரூபாய். ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கே சொந்தம் என்று சட்டமே சொல்கிறது, பேட்டன்டுக்கு நேர்மாறாக. ஆனால் காப்பது எழுதிய விதத்தை, எழுதிய விஷயத்தை அல்ல. 1.5 சதவீதம் சிவப்பு என்பது ஒரு உண்மை. அதை வேறு மாதிரி எழுதிக்கொண்டால் வழக்கு இல்லை.

பார்ட்டிப் பட்டியலுக்கு உதவுமா? அமெரிக்காவில் ஒரு டெலிஃபோன் கம்பெனி, நகலெடுப்பவர்களைப் பிடிக்கத் தன் டைரக்டரியில் பொய்யான நான்கு பெயர்களைச் சேர்த்து வைத்தது. எதிராளியின் டைரக்டரியில் அந்த நான்கும் அப்படியே வந்தன. நகலெடுத்தது வெட்ட வெளிச்சம். ஆனாலும் 1991-ல் ஃபீஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் டைரக்டரிக்காரருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது: அகர வரிசையில் பெயர் அடுக்குவதில் படைப்பு எதுவும் இல்லை, உழைத்தோம் என்பதற்காக உண்மைகள் சொந்தமாகாது. டெல்லி உயர் நீதிமன்றம் 1995-ல் பர்லிங்டன் வழக்கில் வாடிக்கையாளர் பட்டியலுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு தந்ததுண்டு. அதன் பிறகு 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொஞ்சமாவது படைப்புத்திறன் வேண்டும் என்று அளவுகோலை உயர்த்திவிட்டது. வெறும் எக்செல் பட்டியலை நம்பிக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். பார்ட்டி வாரியாக ஷேட் தேர்வு, குறை, விலைப் போக்கு, உங்கள் குறிப்பு என்று தொகுத்திருந்தால் வாதம் கொஞ்சம் நிமிரும்.

ரகசியமும் ஒப்பந்தமும்

இந்தத் தொழிலுக்கு இதுதான் சரி என்பது எங்கள் முடிவு. இந்தியாவில் தொழில் ரகசியத்துக்குத் தனிச் சட்டம் கிடையாது. கொண்டுவரலாம் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் பரிந்துரைத்தது, அவ்வளவுதான். நீதிமன்றம் பார்ப்பது மூன்று: தகவல் ஊருக்கே தெரிந்ததா இல்லையா, நம்பிக்கையின் பேரில் சொன்னதா, அனுமதியின்றிப் பயன்படுத்தினாரா. அதாவது 'என் சொத்தை எடுத்தார்' என்று நீங்கள் வாதிடுவதில்லை, 'தந்த வாக்கை மீறினார்' என்கிறீர்கள். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் சொத்து உலகத்துக்கே எதிராக நிற்கும், வாக்கு அதைத் தந்தவரையும் தெரிந்தே வாங்கிக்கொண்டவரையும் மட்டுமே கட்டும்.

அதனால் வாக்கு எழுத்தில் இருக்க வேண்டும், சரியாகவும் எழுத வேண்டும். வழக்கமான தவறு, 'வேலையை விட்டபின் மூன்று வருடம் திருப்பூரில் எந்த டையிங்கிலும் சேரக் கூடாது' என்று எழுதுவது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-ன்படி அது செல்லாது. வேலையிலிருக்கும் காலத்துக்குப் போடும் கட்டுப்பாடு வேறு. செஞ்சுரி ஸ்பின்னிங் கம்பெனி ஹாலந்து நிறுவனம் ஒன்றிடமிருந்து டயர் நூல் செய்யும் நுட்பத்தை ரகசிய நிபந்தனையோடு வாங்கியது. ஐந்து வருட ஒப்பந்தத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் நடுவிலேயே போட்டி நிறுவனத்துக்குப் போனார். மீதிக் காலம் முடியும் வரை அங்கே அந்த வேலை செய்யக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 1967-ல் உறுதிசெய்தது. கைத்திறனும் அனுபவமும் ஊழியருடையவை. அவற்றுக்குத் தடை கேட்டால் முழு வழக்கும் ஆட்டம் காணும். எந்த ஃபைல், எந்தத் திருத்த அட்டவணை, எந்தப் பார்ட்டி விலை என்று பெயர் சொல்லித் தடை கேட்க வேண்டும்.

வாக்கோடு நடப்பும் பொருந்த வேண்டும். பூட்டாத பீரோவில் நோட்டை வைத்துவிட்டு ரகசியம் என்று சொன்னால் நீதிபதி நம்ப மாட்டார். பட்டறையில் செய்யக்கூடியவை எளிது. சாய டிரம்களின் கம்பெனி லேபிளைக் கிழித்துவிட்டு உள் எண் ஒட்டுங்கள். எந்த எண் எந்தச் சாயம் என்ற சாவி ஸ்டோர்ஸில் ஒருவரிடம் மட்டும். எடை போடுபவருக்கு எண்ணும் கிராமும் தெரியும், மெஷின் ஆளுக்கு நேரமும் வெப்பமும் தெரியும், உப்புக் கரைசல் திருத்தம் லேப் பொறுப்பாளருக்குத் தெரியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: சாவி வைத்திருப்பவர் திடீரென்று லீவு போட்டால் இரவு ஷிஃப்ட் நின்றுவிடும், அவசரத்தில் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அன்றோடு ரகசியம் முடிந்தது. சீல் வைத்த உறையில் இரண்டாவது பிரதி ஆபீஸ் லாக்கரில் இருக்கட்டும்.

போலீஸ்

நோட்டையே எடுத்துப்போனால் திருட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் விலை என்ன? 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் சாதாரணத் திருட்டில், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரணைக்கு இறங்க முடியாது. முதல் முறையென்றால் பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவைதான் தண்டனை. நோட்டின் கடை விலை 80 ரூபாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் சொல்வார். வேலையில் இருக்கும்போதே எடுத்திருந்தால் ஊழியர் திருட்டு, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 306, ஏழு வருடம் வரை சிறை. புகாரில் எந்தத் தேதியில் எடுத்தார் என்பதைத் தெளிவாக எழுதுவது அதனால்தான் முக்கியம்.

கணினியிலிருந்து நகலெடுத்தால் கதை மாறுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43(பி): பொறுப்பாளர் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தகவலை இறக்குவதும் நகலெடுப்பதும் தவறு. இழப்பீடாக ஐந்து கோடி ரூபாய் வரை மாநிலத்தின் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடமே கேட்கலாம். நேர்மையற்ற நோக்கம் இருந்தால் பிரிவு 66, மூன்று வருடம் வரை சிறை. இங்கே தகவல் சொத்தா என்ற சண்டையே வராது, நகலெடுத்ததே போதும். செல்போனில் காகித நோட்டைப் படம் பிடித்தால் இந்தப் பிரிவு ஒட்டாது, ஏனென்றால் நோட்டு கணினி அல்ல. அதனாலேயே ரெசிபியைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றுங்கள், ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுங்கள், 'பார்க்க அனுமதி உண்டு, நகலெடுக்க அனுமதி இல்லை' என்று கையெழுத்து வாங்குங்கள். அனுமதி இருந்தது என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.

சாட்சியத்தில்தான் பல வழக்குகள் சரிகின்றன. மாஸ்டர் போன மறுநாளே அவர் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து புது ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். செய்யாதீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிச் சீல் வைத்து, முழு நகல் எடுத்து, ஹாஷ் மதிப்பை (நகல் மாறவில்லை என்று காட்டும் எண்ணை) குறித்து வையுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழில் அந்த மதிப்பை எழுத வேண்டியிருக்கும். நீங்களும் ஒரு நிபுணரும் அதில் கையெழுத்திட வேண்டும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, புது மாஸ்டரை எடுக்கும்போது பலர் கோட்டைவிடுகிறார்கள். 'பழைய கம்பெனி ரெசிபி எல்லாம் இருக்கு சார்' என்று அவர் நோட்டை நீட்டினால் வாங்காதீர்கள். வாக்கு மீறல் என்று தெரிந்தே வாங்கியவர் மீதும் தடை வாங்கலாம். அங்கே பிரதிவாதி நீங்கள். உங்கள் தண்ணீரில், உங்கள் மெஷினின் லிக்கர் ரேஷியோவில் அவரை லேப் டிப்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிப்பின் துணித் துண்டையும் தேதியோடு தாளில் ஒட்டி, ஷேட் சரியாக விழாதவற்றையும் சேர்த்து, ஃபைலில் வையுங்கள்.